இரண்டு கிழமையில் போகாத செங்கண்மாரி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பிறந்த பிள்ளையின் கண் மஞ்சளித்தால், "இளவெயில் காட்டுங்கோ, போயிடும்" என்பார் அம்மம்மா. பெரும்பாலும் போய்விடும்தான். 2 கிழமை தாண்டினால் வெயிலை நம்பியிருக்காமல், பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற ஓரிடத்தில் காட்ட வேண்டும்.

முதற்கேள்வி, மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபினில் கூடியிருப்பது நேரடி வகையா, மறைமுக வகையா என்பது. நேரடிப் பிலிருபின் கூடி மலமும் வெளிறினால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மறைமுகப் பிலிருபின் மட்டும் மிகக் கூடி, ஈரல் சோதனைகள் சரியாக, சிவப்பணுவும் சிதையாமல் இருந்தால், 1952இல் கிரிக்லரும் நஜ்ஜாரும் விவரித்த அரிய பரம்பரை நோயைச் சந்தேகிப்பார்கள். பிலிருபினை வெளியேற்ற உதவும் நொதி அந்த ஈரலில் இல்லை, அல்லது சொற்பம். பினோபாபிட்டல் மருந்து கொடுத்து மஞ்சள் குறைந்தால் அது இலேசான இரண்டாம் வகை. குறையாவிட்டால் முதலாம் வகை. ஈரல் மாற்றும்வரை பிள்ளை தினமும் பல மணித்தியாலம் நீல ஒளியில் கிடக்க வேண்டும், பாவம்.

மச்சாளைக் கட்டிய குடும்பமா? வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நெருங்கிய உறவினர் என்பதால் தாய் தகப்பன் இருவரும் நோயில்லாமலே ஒரே பழுதான மரபணுவைச் சுமக்கக்கூடும்; அப்படிச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.