உலக நேரக் கைக்கடிகாரமும் அரைமணிப் பொழுதும்



முல்லைப்பாட்டின் பாசறையில் நாழிகைக் கணக்கர் நீர்க்கன்னல் நோக்கி மன்னனுக்குப் பொழுது அறிவிக்கின்றனர். அவர்கள் அறிவித்தது அப்பாசறையின் பொழுதை மட்டுமே. ஓரூரில் நின்றபடி பல ஊர்ப் பொழுதையும் அறியும் தேவை புகைவண்டியும் தந்தியும் வந்த பின்னர்ப் பெருகியது. அத்தேவையின் விலையுயர்ந்த வடிவமே உலக நேரக் கைக்கடிகாரம். பல இலட்சம் ரூபாய் பெறும் அது உண்மையிலேயே புதுமையா, பொன் போர்த்திய பழமையா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஜெனீவாவைச் சேர்ந்த லூயி கோத்தியே 1931இல் இதற்கான பொறியை அமைத்தார். முகப்பின் ஓரத்தில் ஊர்ப்பெயர் பொறித்த வளையம். அதனையடுத்து 24 மணிகளைக் குறிக்கும் வளையம், நாளொன்றுக்கு ஒரு முறை சுழல்வது. ஒருவர் தம் ஊர்ப்பெயரை உச்சியில் நிறுத்திவிட்டால், ஏனைய ஊர்களின் மணி அவ்வவ்வூர்ப் பெயருக்கு எதிரே நிற்கும். கூட்டலும் கழித்தலுமாக இருந்த கணக்கு, ஒரே பார்வையில் காணும் காட்சியாயிற்று. இது ஐயமின்றிப் புதுமை. பட்டேக் பிலிப் நிறுவனம் 1930களின் பிற்பகுதியிலேயே இதனை ஏற்றது. பின்னர் வந்த பலவும் இப்பொறியின்மேல் பொன்னும், வண்ண எனாமலில் தீட்டிய உலகப் படமும் சேர்த்தன. அணி மிகுந்ததாலேயே பாட்டு புதிதாகிவிடாது என்பதைக் கவிஞர் நிறைந்த இவ்வவைக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இக்கடிகாரத்தை அரக்கோணத்தில் வைத்துச் சோதிப்போம். அரக்கோணத்தின் பெயரைப் பொறிக்க எவரும் முன்வரமாட்டார். டெல்லி இருந்தாலே போதும். ஆனால் 24 ஊர் கொண்ட வளையங்கள் பலவற்றில் கராச்சி உண்டு, டாக்கா உண்டு, இடைப்பட்ட இந்தியா இல்லை. நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முற்பட்டது. முழு மணிக் கட்டங்களுள் அந்த அரைமணிக்கு இடமில்லை. முட்களை நம் நேரத்துக்குத் திருப்பினாலோ, வளையத்தின் மற்ற ஊர்களெல்லாம் அரைமணி பிசகும்.

அந்த அரைமணிக்கு ஒரு வரலாறு உண்டு. 1856இல் இராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியே வாலாஜா நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. சென்னை வானாய்வு நிலையம் கணித்த சென்னை நேரம், கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முற்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்களுக்கு அதுவே அளவுகோலாயிற்று. 1906இல் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு இன்றைய இந்திய நேரம் வகுக்கப்பட்டது. நேபாளமோ 5 மணி 45 நிமிடத்தைக் கொண்டுள்ளது.

2011இல் வாசரான் கான்ஸ்டன்டின் நிறுவனம் 37 நேரங்களைக் காட்டும் கடிகாரத்தை வெளியிட்டது. அரைமணி, முக்கால் மணி ஊர்களுக்கு இரு மணிகளின் இடையே இடம் கிடைத்தது. அடிப்படைப் பொறி பழையதுதான். எனினும் உலகம் 24 துண்டுகளே என்ற எண்பதாண்டுப் பழக்கத்தை அது மறுத்தது. புதுமை இங்கே சக்கரத்தில் இல்லை, பார்வையில் உள்ளது. அப்பெயருக்கு அது முற்றும் தகுதியுடையதே. பொன்னுக்கும் பெயருக்குமான விலை வேறு செய்தி.

குறையும் உண்டு. நிமிட முள் ஒன்றேயாதலின், வெளியூரின் அரைமணி வேறுபாட்டை அணிந்திருப்பவரே மனத்தில் கூட்ட வேண்டும். மேனாடுகளின் கோடைக்கால நேர மாற்றத்தையும் பொறித்த பெயர்கள் அறியா. இலங்கை 1996இல் ஐந்தரை மணியினின்று ஆறரைக்கு மாறிற்று. அவ்வாண்டிலேயே ஆறுக்கு வந்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கே திரும்பிற்று. அப்பத்தாண்டும் கொழும்பின் பெயர் எந்த மணிக்கு எதிரே நின்றிருக்க வேண்டும்?