பத்து நிமிடம் போதுமா?
சிறுநீரக நோயாளியின் பாராதைராய்டு அறுவையும் ஹார்மோன் அளவீடும்



தைராய்டின் பின்புறம் அரிசிமணி அளவில் ஒட்டியிருப்பவை பாராதைராய்டு சுரப்பிகள். பெரும்பாலோருக்கு நான்கு; சிலருக்கு ஐந்தாவதும் உண்டு. சுவீடனின் உப்சாலாவில் மாணவராக இருந்தபோதே இவற்றைக் கண்ட ஐவார் சாண்ட்ஸ்ட்ராம், 1880இல் மனிதரில் இவை இருப்பதை விவரித்து எழுதினார். 1925இல் வியன்னாவில் ஃபீலிக்ஸ் மாண்டில், எலும்பு நோயால் முடங்கிய ஒரு டிராம் ஊழியரின் கழுத்திலிருந்து பாராதைராய்டு கட்டியை அகற்றினார். நோயாளி எழுந்து நடந்தார். சில ஆண்டுகளில் நோய் திரும்பிவிட்டது. நோய்ச் சுரப்பி முழுவதும் வெளியே வந்துவிட்டதா என்ற கேள்வி அன்றே எழுந்தது.

அதற்கு அறுவை அரங்கிலேயே பதில் தருவது, இந்தச் சுரப்பிகள் சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோனின், அதாவது பி.டி.எச்.சின், அளவீடு. இந்த ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். ஆகவே சுரப்பியை எடுத்த 10 நிமிடத்தில் அளவு பாதிக்கும் கீழே இறங்கினால் போதும் என்ற விதியை மயாமியில் ஜார்ஜ் இர்வின் வகுத்தார். ஒரே ஒரு சுரப்பியில் கட்டி உள்ளவருக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

சிறுநீரகம் செயலிழந்தவரின் நிலை வேறு. பாஸ்பேட் வெளியேறுவதில்லை, செயல்படு வைட்டமின் டி குறைகிறது, கால்சியம் தாழ்கிறது. இவற்றால் ஆண்டுக்கணக்கில் தூண்டப்பட்டு, நான்கு சுரப்பிகளுமே பருக்கின்றன. ஹார்மோனின் உடைந்த துண்டுகளைக் கழிக்க வேண்டிய சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. பரவலாகப் பயன்படும் ‘இன்டாக்ட்’ பி.டி.எச். பரிசோதனை அந்தத் துண்டுகளில் சிலவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. அறுவை சரியாக நடந்திருந்தாலும் எண் மெதுவாகத்தான் இறங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் பி.டி.எச். மில்லிலிட்டருக்கு 1,600 பிகோகிராம் என்று வைத்துக்கொள்வோம். பாதியாகக் குறைந்தால் 800. மருந்துக்குக் கட்டுப்படாத கால்சிய உயர்வோ பாஸ்பேட் உயர்வோ சேர்ந்திருந்து, அளவு தொடர்ந்து 800ஐத் தாண்டியிருந்தால் அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்றது 2003ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி. விதி நிறைவேறிவிட்டது, நோயாளியோ அறுவைக்கு அனுப்பப்படும் எல்லையிலேயே நிற்கிறார்! அதனால்தான் பல மையங்கள் 20 நிமிடம் வரை காத்திருந்து, பாதியைவிட மிகப் பெரிய வீழ்ச்சியை எதிர்பார்க்கின்றன. எவ்வளவு இறங்கினால் போதும் என்பதில் இன்னும் ஒருமித்த முடிவில்லை.

செய்யும் அறுவையைப் பொறுத்தும் இலக்கு மாறும். மூன்றரைச் சுரப்பிகளை எடுப்பவர் மீதி அரைப் பகுதி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறார். நான்கையும் எடுத்து, சில துணுக்குகளை முன்கைத் தசையில் நடுபவருக்கு எண் அடிமட்டம்வரை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் தையல் போடக்கூடாது. தைமஸ் பக்கம் ஐந்தாவது சுரப்பி ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். மறுபக்கம், ஹார்மோனே இல்லாமல் செய்துவிட்டால் எலும்பின் புதுப்பிப்பு ஓய்ந்துபோகும் அபாயமும் உண்டு.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தக் கையில் இரத்தம் எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். ஃபிஸ்டுலா உள்ள கையைத் தொடாதீர்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு அதுவே உயிர்வழி. சுரப்பிக்கு அருகிலுள்ள கழுத்துச் சிரையிலும் எடுக்காதீர்கள். சுரப்பியைக் கையாளும்போது அங்கே வழியும் ஹார்மோன் எண்ணைப் பொய்யாக உயர்த்தும். ஒவ்வொரு குழாயிலும் நேரத்தை எழுதுங்கள். நேரம் எழுதாத மாதிரிக்குப் பொருளே இல்லை.

எண் நன்றாக இறங்கியதும் நிம்மதி அடைகிறோம். அடுத்த ஆபத்து தொடங்குவதும் அப்போதுதான். இத்தனை காலம் கால்சியத்தை இழந்த எலும்பு, ஹார்மோன் விலகியதும் இரத்தத்திலிருந்து அதை வாரி எடுத்துக்கொள்கிறது. உதடு மரத்துப்போகும், விரல் நுனி கூச்சமெடுக்கும், தசை இழுக்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள், 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அயனிக் கால்சியம் பார்க்க வேண்டும்.

நான் வலியுறுத்துவது ஒன்றே. சிறுநீரகம் இயங்குபவருக்காக எழுதிய விதியை, அது இயங்காதவர்மேல் அப்படியே சுமத்தாதீர்கள். எந்தப் பரிசோதனை, எத்தனை நிமிடம், எவ்வளவு வீழ்ச்சி, இறங்காவிட்டால் அடுத்து என்ன? அறுவை நிபுணர், சிறுநீரக மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், ஆய்வகத்தார் நால்வரும் கத்தி எடுப்பதற்கு முன்பே உட்கார்ந்து பேசி, இதை எழுதி வைக்கட்டும். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நாற்காலியில் அமரும் ஒருவரை, நாம் அவசரப்பட்டதற்காக இரண்டாம் முறையும் அறுவை மேசைக்கு வரவழைக்கக் கூடாது.