பவுண்டேஷனுக்குப் பிறகும் பாதை உண்டு

குண்டசாலையில் உயர்தரப் பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தகவல். பேராதனையில் உளவியல் படிக்க இசட் புள்ளி போதவில்லையா? தனியார் நிறுவனங்களில் பவுண்டேஷன் என்ற அடிப்படைப் படிப்பை முடித்துப் பட்டப்படிப்பில் சேரலாம். ஆனால் பட்டம் மட்டும் ஒருவரை மருத்துவ உளவியலாளர் ஆக்கிவிடாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் 2 ஆண்டு மருத்துவ உளவியல் முதுதத்துவமாணி போன்ற பயிற்சி வேண்டும். நோயாளியின் எதிரே அமர்ந்து, மூத்தவர் கண்காணிக்க, பொறுமையாகக் கேட்கப் பழகும் காலம் அது. பிறகு இலங்கை மருத்துவ சபையில் பதிவு. நீண்ட பாதைதான். ஆனாலும் வாருங்கள், தோட்டத்து அம்மா ஒருவர் தன் மனச்சுமையைத் தமிழிலேயே சொல்லி அழ ஆள் வேண்டும். பணம் கட்டுமுன், தனியார் நிறுவனம் தரும் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள்.