ஒரு நாள் சவாரிக்கு எத்தனை ரூபாய்?

(நம் சங்கப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் பேரேடு பார்த்தே பழகியவன், ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 15,000 ரூபாய்க்கு ஒரு சைக்கிள் வாங்குகிறீர்கள். ஆண்டுக்கு 200 நாள் வீதம் ஐந்து ஆண்டு ஓட்டினால், நாளொன்றுக்கு 15 ரூபாய். பத்து நாள் ஓட்டிவிட்டு நிறுத்திவிட்டால் 1,500 ரூபாய். நம் பார்க்கிங்கில் தூசி படிந்து நிற்பவை எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும். எல்லாவற்றுக்கும் சோம்பல் காரணமல்ல. வாங்கிய வண்டி நம் வேலைக்குப் பொருந்தவில்லை.

தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர் உள்ள வண்டி மலைப்பாதைக்கானது. தார்ச்சாலையில் கனமாக இழுக்கும். வளைந்த ஹேண்டில் பாரும் ஒல்லி டயரும் உள்ள ரேஸ் சைக்கிளில் குனிந்தே போக வேண்டும். பள்ளம் வந்தால் பயம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஹைபிரிட். ஆபீசுக்கும் ஆகும், உடற்பயிற்சிக்கும் ஆகும்.

வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்.

ஹேண்டில் பார் நேராக இருந்தால் நிமிர்ந்து உட்காரலாம். போக்குவரத்து கண்ணில் படும், பிரேக் எப்போதும் விரலுக்கு எட்டும்.

டயர் 700சி அளவில், 32 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் வேகமும் வரும், மேடுபள்ளமும் தாங்கும். காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

கியர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். 21 கியரில் பல ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சமதளமான ஊருக்குப் பின்னால் ஏழெட்டு போதும், மேம்பாலமும் ஏறிவிடலாம்.

மழையில் ஓட்டுபவர்களுக்கு டிஸ்க் பிரேக் நல்லது.

மட்கார்டும் கேரியரும் மாட்ட ஃபிரேமில் துளைகள் உண்டா என்று கேளுங்கள். பலர் மறப்பது இதைத்தான். மட்கார்டு இல்லையென்றால் மழைநாளில் சட்டை முதுகில் சேற்றுக்கோடு. கேரியர் இல்லையென்றால் பை முதுகில் ஏறி வியர்வை. இரண்டு நாளில் பைக்குக்கே திரும்பிவிடுவீர்கள்.

அளவும் முக்கியம். குறுக்குக் கம்பிக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்றால், ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால்தான் வட்டி கட்டும்.

சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அந்த மிச்சத்தில் ஹெல்மெட், முன்பின் விளக்கு, நல்ல பூட்டு வாங்குங்கள்.

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரயில் நிலையத்துக்குப் போக 15 நிமிடம், வர 15, வாரம் ஐந்து நாள். கூட்டிப் பாருங்கள், கணக்கு நேராகிவிடும். இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே தடித்த டயர் வண்டி வைத்திருப்பவர்கள் அதைத் தள்ளிவிட வேண்டாம். அதே ரிம்முக்குப் பொருந்தும் வழுவழுப்பான டயர் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டாலே பாதி சுமை குறையும்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பம்புடன் கீழே இருப்பேன். நிற்கும் சைக்கிளைத் துடைத்துக் கொண்டு வாருங்கள். காற்று என் செலவு.