மரமும் கைத்தொழிலும் ஹலாலான வணிகமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற இளைஞர் தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

கைவினை மரப்பொருள்களை வாங்கி விற்கும் சிறுவணிகத்தைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் பணித்திருக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பி, கையில் சிறிது சேமிப்புடன் என்ன தொழில் தொடங்கலாம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் சகோதரர்கள் இச்சபையில் பலர் இருக்கிறார்கள். நான் ஈடுபட்டிருக்கும் இத்தொழிலின் நெளிவு சுளிவுகளை அவர்களுக்கு எடுத்துரைப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

கைத்தொழிலின் கண்ணியம்

தச்சுத் தொழிலைத் தாழ்வாக எண்ணும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் ஓரளவு இருக்கிறது. ஆனால் நமது மார்க்கம் அவ்வாறு கற்பிக்கவில்லை. நூஹ் (அலை) அவர்கள் இறைக்கட்டளைப்படி தம் கையால் கப்பல் கட்டினார்கள். ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கை உழைப்பில் உண்டார்கள் என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்து சொன்னார்கள். மதீனாவின் மஸ்ஜிதில் நபி (ஸல்) அவர்கள் நின்று உரையாற்றிய மிம்பர், அன்ஸாரிப் பெண்மணி ஒருவரின் ஊழியரான தச்சர் செய்து கொடுத்ததாகும். இன்று நம் பள்ளியின் மிம்பரையும், ஓதும்போது குர்ஆனைத் தாங்கும் ரிஹாலையும் பார்க்கும்போது, இவற்றைச் செய்த கைகளை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பல சமூகங்கள் கைகோத்த தொழில்

மரத்தொழில் எக்காலத்திலும் ஒரே சமூகத்தின் தொழிலாக இருந்ததில்லை. கேரளத்தின் பேப்பூரில் கட்டப்படும் உரு என்னும் பெரிய மரக்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தை அளந்து செதுக்குபவர்கள் பெரும்பாலும் இந்து ஆசாரிமார். கட்டி முடித்த கலத்தை வடமும் உருளையும் கொண்டு நீரில் இறக்குபவர்கள் கலாசிகள் எனப்படும் மாப்பிள்ளை முஸ்லிம்கள். வாங்கிச் செல்பவர்கள் அரபு நாட்டவர். இம்மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அக்கலம் கடலைக் காணாது.

கர்நாடகத்தின் சென்னப்பட்டணமும் அப்படியே. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் சுமார் 60 கி.மீ. தொலைவில் அவ்வூர் உள்ளது. திப்பு சுல்தான் பாரசீகக் கலைஞர்களை வரவழைத்து உள்ளூர் மக்களுக்கு இக்கலையைக் கற்பித்தார் என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பின்னாளில் பாவாஸ் மியான் என்னும் கலைஞர் ஜப்பானிய அரக்கு வேலை நுட்பங்களைப் புகுத்தியவராக நினைவுகூரப்படுகிறார். பாரசீகமும் ஜப்பானும் கன்னட நாட்டு மரமும் சேர்ந்து பிறந்த அப்பொம்மைகளை, அங்குள்ள முஸ்லிம்களும் இந்துக்களும், ஆண்களும் பெண்களும் இன்று செய்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரில் நம் சகோதரர்கள் செதுக்கும் மர வேலைப்பாடுகள் எல்லாச் சமயத்தவர் இல்லங்களையும் அலங்கரிக்கின்றன. நம் மாநிலத்தின் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களோடு விளையாடாத குழந்தை ஒரு காலத்தில் உண்டா?

எனவே இத்தொழிலுக்கு வருபவர் பிற சமூகத்தாரோடு பழகும் பண்பை முதல் மூலதனமாகக் கொள்ள வேண்டும்.

பொருளை அறிந்த பின்னரே வணிகம்

சென்னப்பட்டணத்துப் பொம்மைக்குரிய மரம் வெட்பாலை. கன்னடத்தில் ஆலெ மரம் என்பர். வெண்மை நிறமும், மென்மையும், நெருக்கமான ரேகையும் கொண்டது. வெட்டிய மரத்தை மாதக்கணக்கில் உலர வைக்கிறார்கள். பின்னர் கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, உளியால் உருவம் தருகிறார்கள். சுழன்றுகொண்டிருக்கும்போதே நிறமூட்டிய அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தின் மேல் படிகிறது. இறுதியில் தாழை ஓலையை வைத்து அழுத்தித் தேய்க்க, கண்ணாடி போன்ற பளபளப்பு உண்டாகிறது. மஞ்சள், அவுரி, காசுக்கட்டி போன்ற தாவரங்களிலிருந்து நிறங்களை எடுக்கும் வழக்கமும் உண்டு.

இவ்வளவையும் ஏன் விரித்துரைக்கிறேன்? வாங்குபவர் கேட்பது இதையே. பிறந்த குழந்தை வாயில் வைத்துச் சுவைக்கும் கிலுகிலுப்பையை வாங்க வரும் தாய், அதில் பூசியிருக்கும் நிறம் எது என்று கேட்காமல் வாங்க மாட்டார். தாவர நிறமா, இரசாயன நிறமா என்று உண்மையைச் சொல்லத் தெரியாத வணிகர் அப்பொருளை விற்கத் தகுதியற்றவர். பட்டறைக்கு நேரில் சென்று, ஒரு நாள் முழுவதும் அமர்ந்து பார்த்த பிறகே முதல் கொள்முதலைச் செய்யுங்கள்.

ஈரம் போகாத பச்சை மரம் இத்தொழிலின் பெரும் பகை. நம் கடலோர ஊர்களின் காற்றில் ஈரம் அதிகம். இங்கு சரியாக இருக்கும் பெட்டி, குளிர்நாடுகளில் வெப்பமூட்டிய அறைக்குள் சென்றதும் ஈரத்தை இழந்து சுருங்குகிறது. மூடி பொருந்தாமல் போகிறது அல்லது அடிப்பலகை வெடிக்கிறது. ஆகவே ஈரமானியால் சோதித்து, நன்கு உலர்ந்த மரத்தில் செய்த பொருளை மட்டுமே அனுப்ப வேண்டும். ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்த வணிகரைக் கண்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது நினைவிருக்கட்டும். அன்று தானியத்தில் மறைந்த ஈரம் இன்று மரத்தில் மறைந்திருக்கலாம்.

2005-06ஆம் ஆண்டில் சென்னப்பட்டணப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறோர் ஊரில் இயந்திரம் வார்த்த பொருளை அப்பெயர் சொல்லி விற்பது சட்டப்படி குற்றம், மார்க்கப்படி பொய்.

விலையும் கூலியும்

விலை நிர்ணயம் குறித்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கணக்கு எளிதாக விளங்குவதற்காக நானாக வைத்துக்கொண்ட தொகைகள் இவை. எழுதுகோல் தாங்கி ஒன்றைத் தொழிலாளியிடம் 120 ரூபாய்க்கு வாங்குகிறோம். அதில் மரம், அரக்கு, மின்சாரம் ஆகியவற்றுக்கு 50 ரூபாய். அவருடைய கூலி 70 ரூபாய். நமக்கு வண்டிச் சத்தமும் சிப்பம் கட்டுதலும் 25 ரூபாய், உடைசலுக்கு 10 ரூபாய், கடை வாடகை அல்லது தரகு 45 ரூபாய். ஆக அடக்கம் 200 ரூபாய். 250 ரூபாய்க்கு விற்றால் 50 ரூபாய் மிஞ்சும்.

மொத்த வியாபாரி ஒருவர் வந்து 180 ரூபாய்க்குக் கேட்கிறார் என்று வையுங்கள். புதிதாக வந்த இளைஞர் ஆர்வத்தில் சம்மதித்துவிட்டு, தொழிலாளியிடம் சென்று 120ஐ 90 ஆகக் குறைக்கிறார். மரத்தின் விலை குறையாது. அரக்கின் விலை குறையாது. அந்த 30 ரூபாயும் கூலியிலிருந்தே போகும். 70 ரூபாய் பெற்றவர் 40 ரூபாய் பெறுவார். இத்தனைக்குப் பிறகும் நமக்கு மிஞ்சுவது 10 ரூபாய் மட்டுமே. சில மாதங்களில் அந்தத் தொழிலாளி உளியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். அவருடைய மகன் பட்டறைப் பக்கமே வரமாட்டான். அதன்பின் நாம் எதை விற்பது? கைவினையை நம்பி வணிகம் செய்பவர் கைவினைஞரை வாழவைப்பது தருமம் மாத்திரமன்று. தம் தொழிலின் வேருக்கு நீர் வார்ப்பதுமாகும்.

உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டும் என்ற நபிமொழியை நாம் அனைவரும் மேடையில் சொல்கிறோம். ஆனால் சரக்கு விற்ற பிறகு தருகிறேன் என்று மூன்று மாதத் தவணை சொல்லும் வழக்கம் இத்தொழிலில் வேரூன்றியிருக்கிறது. அந்த இடைவெளியில் தொழிலாளி மரம் வாங்க வட்டிக்குக் கடன் பெறுகிறார். வட்டி வாங்குவதில்லை என்று பெருமைப்படும் நாம், நம் தாமதத்தால் இன்னொருவரை வட்டியில் தள்ளுகிறோம். அச்சாரத்தை முன்கூட்டியே கொடுங்கள்; மீதியைச் சரக்கு கைக்கு வந்த அன்றே கொடுங்கள். சொல்லிச் செய்விக்கும் பொருளுக்குரிய ஒப்பந்தத்தில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே முறை வேறுபாடு இருப்பதால், நம் ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். தவணையுள்ள கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது. அளவு, மரத்தின் வகை, எண்ணிக்கை, நாள், தொகை ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் பாதிச் சச்சரவுகள் பிறக்கவே மாட்டா.

பிற சமயத்தாரோடு வணிகம்

இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “மரப்பொருள் என்றால் சிலைகளும் வருமே, என்ன செய்வது?” குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சிறுபிராயத்துச் செய்தியைக் கொண்டு அறிஞர்கள் பலர் அனுமதி அளித்திருக்கிறார்கள். வழிபாட்டிற்குரிய உருவங்களை நாம் விற்பதில்லை. ஆனால் அதைச் சொல்லும் முறையில்தான் நம் நாகரிகம் இருக்கிறது. அத்தகைய பொருளைக் கேட்டு வருபவரிடம் முகம் சுளிக்காமல், “ஐயா, எங்களிடம் அது இல்லை, அடுத்த தெருவில் நல்ல கடை இருக்கிறது” என்று வழிகாட்டுங்கள். நம் கொள்கையில் நாம் உறுதியாக இருப்பதை மதிப்பவர்களே மிகுதி. அப்படி அனுப்பப்பட்டவரே மறுமுறை பேரனுக்குப் பம்பரம் வாங்க நம்மிடம் வருவார்.

மற்றவர்களின் காலக்கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பெருநாட்கள் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னே வருகின்றன. தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் ஆகியவை ஏறக்குறைய அதே பருவத்தில் நிற்கின்றன. ரமளானில் பட்டறையின் வேகம் குறையும். இவற்றையெல்லாம் ஓராண்டுக்கு முன்பே நாள்காட்டியில் குறித்து, மரம் உலரும் மாதங்களையும் கூட்டிக் கணக்கிட்டால்தான் உரிய நாளில் சரக்கு வந்து சேரும். அரபு நாட்டவர் சாம்பிராணித் தட்டும் ரிஹாலும் கேட்பார்கள்; ஐரோப்பியர் சமையலறைக் கரண்டியும் கிண்ணமும் கேட்பார்கள். ஒருவருக்கு அழகாகத் தோன்றும் நிறம் மற்றவருக்குப் பகட்டாகத் தோன்றும். கேட்டறிந்து செய்விப்பதே சிறப்பு.

வெளிநாட்டுக்கு அனுப்புவோர் கவனத்திற்கு

ஏற்றுமதிக்கு முதலில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெற வேண்டும். சரக்கு வைக்கும் மரப்பெட்டியும் அடிப்பலகையும் உள்மரம் வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தப்பட்டு, அதற்குரிய கோதுமைக் கதிர் முத்திரையைப் பெற்றிருக்க வேண்டும். மரப்பூச்சிகள் நாடு விட்டு நாடு பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி இது.

மரத்தின் இனத்தையும் அறிந்திருக்க வேண்டும். சஹாரன்பூரில் பெரிதும் பயன்படும் சீஷம், நம் ஈட்டி மரத்தின் உறவினம். இவ்வினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதனால் கைவினை ஏற்றுமதியாளர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டார்கள். பின்னர் 2019, 2022 ஆகிய ஆண்டுகளின் மாநாடுகளில் 10 கிலோ வரம்புக்குட்பட்ட முடிவுற்ற பொருள்களுக்குச் சலுகையும் விளக்கமும் கிடைத்தன. எனினும், மரம் முறையாகப் பெறப்பட்டது என்பதற்கான தாள்கள் கையில் இல்லாமல் சரக்கை அனுப்பக் கூடாது.

உள்நாட்டிலும் 2021 முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயமாகியிருக்கிறது. கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொருள்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே கைவினைஞர் அடையாள அட்டை உள்ளவரா என்று பார்த்துக் கொள்முதல் செய்யுங்கள். இல்லாதவர் அதைப் பெற உதவுங்கள். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளின் பொம்மையில் கழன்று தொண்டையில் சிக்கும் சிறு பாகம் எதுவும் இருக்கலாகாது. இதைச் சட்டம் சொல்லித்தான் நாம் அறிய வேண்டுமா?

ஆண்டு நிறைவில் ஜகாத்தை மறவாதீர்கள். விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கை அன்றைய விலைக்கு மதிப்பிட்டு இரண்டரை விழுக்காடு கணக்கிட வேண்டும். கடைசல் இயந்திரம், உளி, அலமாரி ஆகியவை அக்கணக்கில் சேரா.

ஜமாஅத்தினருக்கு ஒரு வேண்டுகோள்

பெரியோர்களே! இத்தொழிலுக்குப் பெருமுதல் தேவையில்லை. ஆனால் உரிய நேரத்தில் சிறுமுதல் தேவை. நம் பைத்துல்மால் நிதியில் ஒரு பகுதியை வட்டியில்லா அழகிய கடனுக்கென ஒதுக்கி, தகுதியுள்ள இளைஞர்களுக்கு வழங்க நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும். ஒருவர் திருப்பிச் செலுத்தியதும் அதே தொகை அடுத்தவருக்குச் செல்லட்டும். ஜகாத் நிதிக்கு உரிய இனங்கள் வேறு என்பதால், இதற்கான நிதியும் கணக்கும் தனியாக இருக்கட்டும். கடன் பெறுபவர் தொழிலாளிகளுக்கு உரிய நாளில் கூலி கொடுக்கிறாரா என்பதையும் ஜமாஅத் கேட்டறியட்டும். கணக்கெழுதுதல், சிப்பம் கட்டுதல், வண்ணம் சரிபார்த்தல் போன்ற பணிகளை நம் சகோதரிகள் இல்லத்திலிருந்தே செய்து பொருளீட்ட முடியும்.

பிள்ளைகள் விடுமுறையில் ஒரு பட்டறைக்குச் சென்று உளியைப் பிடித்துப் பார்க்கட்டும். அவர்கள் எந்தப் பட்டம் பெற்றாலும், ஒரு பொருள் உருவாவதற்கு எத்தனை உழைப்பு வேண்டும் என்பதை அறிந்தவர்கள் பிறர் உழைப்பைக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள்.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஜ்க்கையும், அதில் பரக்கத்தையும், கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் தந்தருள்வானாக! நம் ஊரில் எல்லாச் சமயத்தவரோடும் இணக்கமாக வாழும் நற்பேற்றை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.