வடநாட்டு வானிலையும் நம் வழிப்பயணமும்

பிறந்த மண்ணின் வானத்தை மனிதன் ஏடு பிடித்துப் படிப்பதில்லை. வளர வளரத் தானே அறிந்துகொள்கிறான். ஐப்பசியில் கீழ்வானம் கறுத்தால் குடை வேண்டும் என்பதும், கார்த்திகையில் புயற்சின்னம் தோன்றினால் கடலோரத்தார் படகைக் கரையேற்ற வேண்டும் என்பதும் தமிழ்நாட்டில் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. பிழைப்பை நாடி விந்தியத்திற்கு அப்பால் வந்து குடியேறிய நாம், ஊரின் மொழியைக் கற்றுக்கொண்டோம், சப்பாத்திக்குப் பழகினோம், கம்பளியும் ரஜாயும் வாங்கினோம். ஆனால் புதிய ஊரின் வானத்தைப் படிப்பது அவ்வளவு விரைவில் கைவருவதன்று. வீட்டுக்குள் இருக்கும் வரையில் இது ஒரு குறையாகத் தோன்றாது. சாலையில் இறங்கும்போதுதான் அது உயிருக்கு உலை வைக்கிறது.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல் ஆகிறது. இவற்றுள் பெரும்பான்மை நல்ல வானிலையிலேயே, அளவற்ற வேகத்தால் நேர்ந்தவை. நல்ல வானிலையிலேயே நிலைமை இவ்வாறாயின், கண்ணை மறைக்கும் பனியிலும், காலை வாரிவிடும் வெள்ளத்திலும் நாம் எவ்வளவு விழிப்புடன் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதலில் மூடுபனியை எடுத்துக்கொள்வோம். மார்கழிப் பனியை நாம் அறிவோம்; அது புல்நுனியில் முத்தாக நிற்பது, வெயில் பட்டதும் மறைவது. வடநாட்டார் 'கோஹ்ரா' என்று அழைப்பது வேறு. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் பஞ்சாப் முதல் கங்கைச் சமவெளி வரையில் சிறு மழை பெய்வித்துச் செல்கின்றன. அவை சென்றபின் வானம் தெளிகிறது, காற்று அடங்குகிறது. இரவெல்லாம் நிலம் தன் சூட்டை வானுக்கு விட்டுக் குளிர்ந்து போகிறது. நிலத்தை ஒட்டிய ஈரக்காற்றும் உடன் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்ணிய துளிகளாகிறது. புகையும் தூசும் நிறைந்த நகரங்களில் அத்துளிகள் உருவாவது இன்னும் எளிது. தரையோடு தங்கிவிட்ட மேகம் என்றே இதனைச் சொல்லலாம். விடியலுக்கு முன்னும் விடிந்து சிறிது நேரம் வரையிலும் இதன் அடர்த்தி மிகும்.

இந்திய வானிலைத் துறையார் இதனைப் பார்வைத் தூரத்தைக் கொண்டு அளக்கின்றனர். 200 மீட்டருக்குக் கீழே 50 மீட்டர் வரையில் கண் தெரிந்தால் அடர்ந்த மூடுபனி. 50 மீட்டருக்கும் குறைந்தால் மிக அடர்ந்த மூடுபனி. இந்த 50 மீட்டர் என்பதன் பொருளைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. எதிரே ஒன்றைக் கண்டு, அது இன்னதென்று உணர்ந்து, காலைப் பிரேக்கில் வைப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் வண்டி 33 மீட்டர் சென்றுவிடுகிறது. பிரேக் பிடித்தபின் உலர்ந்த சாலையிலேயே நிற்பதற்கு மேலும் 35 மீட்டர் வேண்டும். பனியில் நனைந்த சாலையில் இன்னும் மிகுதி. ஆக, கண்ணுக்குத் தெரிவது 50 மீட்டர். வண்டி நிற்பதற்குத் தேவையானது 68 மீட்டருக்கு மேல். இடைப்பட்ட தூரத்தில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தால் எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராலும் செய்யக் கூடியது ஒன்றுமில்லை. அதே வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், ஈரச் சாலையிலும் ஏறத்தாழ 32 மீட்டரில் நின்றுவிடும். கண் தெரியும் தூரத்திற்குள் நிற்க முடிந்த வேகமே அன்றைய வேகம் என்பது இக்கணக்கினால் விளங்கும்.

புகைவண்டித் துறையார் இதனை நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர். மூடுபனிக் காலத்தில் கைகாட்டிக்கு முன்னரே தண்டவாளத்தின்மேல் சிறு வெடியை வைப்பார்கள். சக்கரம் ஏறியதும் அது வெடித்து, கைகாட்டி அருகில் இருப்பதை ஓட்டுநருக்கு உணர்த்தும். அந்நாட்களில் தென்னாட்டு இரயில் பல மணி நேரம் தாமதித்து வருவதை நாம் குறைகூறுகிறோம். அந்தத் தாமதமே பிரயாணிகளின் உயிருக்குக் காவல் என்பதை எண்ணுவதில்லை. மோட்டார் வண்டியிலோ அவ்வாறு நம்மைத் தடுத்து நிறுத்துவார் இல்லை. தடுத்துக்கொள்ள வேண்டியவர் நாமே.

ஆதலின் முதல் விதி, போகாமல் இருப்பது. ஊரிலிருந்து வந்த உறவினருக்கு ஒரே நாளில் ஆக்ராவும் மதுராவும் காட்டிவிட வேண்டும் என்று விடியற்காலை 4 மணிக்கு வாடகைக் காரில் புறப்படுவது நம்மவரிடையே வழக்கம். தாஜ்மகால் எங்கும் போய்விடாது. 10 மணிக்குப் புறப்பட்டால் ஒன்றும் குறைவதில்லை. மார்கழி மாதத்தில் தில்லி இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திருக்கு அதிகாலையில் செல்லும் அன்பர்களுக்கும் இதையே சொல்வோம். மார்கழியும் வடநாட்டு மூடுபனியும் ஒரே காலத்தில் வருவன. பக்தி நாம் கொண்டுவந்தது. பனி இந்த ஊருடையது. அடர்ந்த நாட்களில் விடிந்து, பனி விலகிய பின் செல்வதால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

தவிர்க்க இயலாமல் புறப்பட்டால், முன்விளக்கைத் தாழ்த்தியே வைக்க வேண்டும். உயர்த்திய ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசச் செய்யும். சாலையின் இடது ஓரத்துக் கோட்டை வழிகாட்டியாகக் கொள்க. முன்செல்லும் லாரியின் சிவப்பு விளக்கை நம்பி அதன் பின்னாலேயே ஒட்டிச் செல்வது, அது போகும் பள்ளத்திற்கெல்லாம் நாமும் போவதாகும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தால், கண்ணுக்கு எட்டாதது காதுக்கு எட்டும். நான்கு விளக்குகளையும் ஒருங்கே மினுக்கிக்கொண்டு ஓட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. அது நாம் நிற்கிறோமா, திரும்புகிறோமா என்று பின்னால் வருபவரை மயக்கும். வண்டி நின்றுவிட்டால்தான் அது வேண்டும்.

எக்காரணத்தாலும் ஓடுபாதையில் வண்டியை நிறுத்தலாகாது. பெட்ரோல் நிலையமோ சாலையோர உணவுச்சாலையோ கிடைக்கும் வரையில் மெல்லச் சென்று, சாலையை விட்டு முற்றிலும் விலகி நிறுத்த வேண்டும். மோதல் நேர்ந்துவிட்டாலோ, இறங்கி நின்று வழக்குப் பேசுவது பேராபத்து. மூடுபனியில் முதல் மோதலைவிட, பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதும் வண்டிகளே மிகுந்த உயிர்களைக் குடிக்கின்றன. எல்லோரும் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து உதவிக்கு அழைக்க வேண்டும்.

இனி மழை. பம்பாயில் வாழும் தமிழர்கள் 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளை மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதே நாளில் நகரின் தென்கோடியான கொலாபாவில் பெய்தது ஏறத்தாழ 73 மில்லிமீட்டரே. அலுவலகச் சாளரத்தின் வழியே கண்ட சிறு மழையை நம்பி வீடு நோக்கிப் புறப்பட்டவர்கள் வழியில் வெள்ளத்தைச் சந்தித்தார்கள். நீர் சூழ்ந்த கார்களுக்குள்ளேயே சிலர் மூச்சுத்திணறி மாண்டதும் அன்று நேர்ந்தது. நாம் இருக்குமிடத்து மழையைக் கொண்டு போகுமிடத்து மழையை அளக்கலாகாது என்பது அந்த நாள் தந்த பாடம்.

ஓடும் நீரின் வலிமை கண்ணுக்குத் தெரிவதில்லை. 15 சென்டிமீட்டர் ஆழத்தில் விரைந்தோடும் நீர் ஒரு மனிதனைச் சாய்த்துவிடும். 30 சென்டிமீட்டர் சிறு காரை மிதக்க வைக்கும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும். சுரங்கப்பாதையில் நீர் தேங்கியிருந்தால் ஆழம் பார்க்க முயலாமல் திரும்பிவிட வேண்டும். நீரில் இயந்திரம் நின்றுபோனால் மீண்டும் முடுக்குவதில் பயனில்லை. நீர் உயருமுன், கதவு திறக்கும்போதே வெளியேறி மேட்டை அடைய வேண்டும். கதவு திறவாவிடில் கண்ணாடியை இறக்கி வெளியேறுக. வண்டியைத் திரும்ப வாங்கலாம். நடந்து செல்வோர் கோலொன்றால் தடவி நடப்பது நல்லது. மூடியிழந்த பாதாளச் சாக்கடை நீருக்கடியில் காத்திருக்கும்.

கோடையில் வருவது 'ஆந்தி' எனும் புழுதிப்புயல். 2018ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் இராஜஸ்தானத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் வீசிய புயல்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுவர்களும் மரங்களும் சாய்ந்ததே பல மரணங்களுக்குக் காரணம். ஆகவே வானம் செம்மண் நிறமாகக் கண்டவுடன், இருசக்கர வண்டியில் செல்வோர் உறுதியான கட்டிடத்திற்குள் ஒதுங்க வேண்டும். மரத்தடியும் விளம்பரப் பலகையின் நிழலும் ஒதுங்குமிடமல்ல. இடி முழங்கினால், கடைசி முழக்கத்திற்குப்பின் 30 நிமிடம் கழியும் வரையில் வெளியே வரலாகாது. கண்ணாடிகளை மூடிய காரினுள் இருப்பது பெரும்பாலும் காப்பானது. அதற்குக் காரணம் அதன் உலோகக் கூடேயன்றி, பலரும் எண்ணுவதுபோல் ரப்பர்ச் சக்கரமன்று.

ஆயத்தம் என்பது புறப்படுமுன் செய்வது. வண்டியில் குடிநீர், கைவிளக்கு, கம்பளி, அன்றாட மருந்து, மின்னூட்டம் நிறைந்த தொலைபேசி இவை இருக்கட்டும். 112 என்ற எண் எந்த அவசரத்திற்கும் உரியது. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணும் உண்டு. உதவி கேட்பவர் தாம் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைக் கடந்து செல்லும்போதே நோக்கி வைத்தால், பாஷை குறைந்தாலும் இடம் விளங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழியில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டு, 'வேற்றூரில் நமக்கேன் வம்பு' என்று விலகிச் செல்லும் அச்சம் நம்மில் பலருக்கு உண்டு. 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுபவர்மீது வழக்குத் தொடுக்கலாகாது என்கிறது. தம் பெயரை வெளியிடும்படியும் அவரைக் கட்டாயப்படுத்தலாகாது. நாம் உதவுவதை மொழியும் தடுக்கவில்லை, சட்டமும் தடுக்கவில்லை. நாளை அவ்விடத்தில் கிடப்பவர் நம்மவராகவும் இருக்கலாம். அவரைத் தூக்குபவர் தமிழறியாதவராகவே இருப்பார்.

எச்சரிக்கைகளைச் சொற்களாக மாற்றும் பணியில் இருக்கும் நாங்கள் ஒன்றை நன்கு அறிவோம். எவ்வளவு திருத்தமான எச்சரிக்கையும், கேட்பவருக்குப் புரியாத மொழியில் வந்தால் வெறும் ஓசையே. வானிலைத் துறையார் இதற்கென நிறங்களை வகுத்திருக்கின்றனர். பச்சைக்கு அச்சமில்லை, மஞ்சளுக்குக் கவனம், ஆரஞ்சுக்கு ஆயத்தம், சிவப்புக்கு உடனே செயல். இந்நிறங்களை அறிய இந்தியும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். ஆனால் செய்தித்தாளும் தொலைபேசியும் தரும் பிற விவரங்கள் அவ்வாறல்ல. 'கனா கோஹ்ரா' என்றால் அடர்ந்த மூடுபனி என்றும், 'பாட்' என்றால் வெள்ளம் என்றும், 'ஓலா' என்றால் ஆலங்கட்டி என்றும் ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருக்கும் பாட்டிக்கு யார் சொல்வார்?

ஒவ்வொரு வீட்டிலும் அவ்வேலைக்கு ஒருவர் இருக்க வேண்டும். பள்ளியில் இந்தி படிக்கும் பத்து வயதுப் பெண்ணே அதற்குப் போதும். மாலையில் மறுநாள் வானிலையைப் பார்த்து, வீட்டாருக்குத் தமிழில் இரண்டு வாக்கியம் சொல்வதை அவள் கடமையாக்குவோம். அவள் 'நாளைக் காலையில் கண் தெரியாது' என்றால், தந்தையார் கார்ச் சாவியை ஆணியிலேயே மாட்டிவிட்டு வெயில் வரும் வரையில் இன்னொரு காபி அருந்தட்டும்.