குழந்தைப் பருவ மனச்சிதைவு: மரபும் சூழலும்

(குழந்தை நலப் பணியாளர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் இளமைப் பருவத்தில் தலைகாட்டுவது. பதின்மூன்று வயதுக்கு முன்பே தோன்றுவது மிக அரிது. ஏறத்தாழ 40,000 குழந்தைகளில் ஒருவருக்கு நேர்வதாக மதிப்பிடப்படுகிறது. அரிதாக இருப்பதாலேயே அது அறியப்படாமல் போகிறது. இல்லாத குரல்கள் காதில் விழுவதும், காரணமற்ற அச்சமும், பேச்சின் கோவை குலைவதும் பிடிவாதமென்றோ பேய்க்கோளாறென்றோ கொள்ளப்படுகின்றன. அதனினும் கொடியது, பழி முழுவதும் தாயின் தலையில் விழுவதாகும்.

இப்பழியைப் பாமரர் மட்டும் சுமத்தவில்லை. 1948இல் பிரீடா பிராம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், தாயின் புறக்கணிப்பை இந்நோயுடன் தொடர்புபடுத்தி எழுதினார். மருத்துவ உலகில் அக்கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் அதற்கு ஆதாரமில்லை எனக் காட்டின.

மரபின் பங்கு

ஒரு கரு இரட்டையருள் ஒருவருக்கு நோய் கண்டால், மற்றவருக்கும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40 முதல் 50 வரை என்பது பரவலான கணக்கு. இரு கரு இரட்டையரில் இது 10 முதல் 15 வரையே. மரபின் வலிமைக்கு இது சான்று. எனினும், ஒரே மரபைப் பெற்றும் பாதிப்பேர் நோயின்றி வாழ்வது, மரபு மட்டுமே முடிவு செய்வதில்லை என்பதற்கும் சான்றாகும்.

2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, நோயுடன் தொடர்புள்ள 287 மரபிடங்களைக் குறித்தது. தனித்தனியே ஒவ்வொன்றின் பங்கும் சிறிதே. 22ஆம் குரோமசோமில் ஒரு துண்டு இல்லாதிருத்தல் போன்ற பெரிய மாற்றங்களும் உண்டு. இவை, வளர்ந்தபின் நோயுற்றோரைவிடக் குழந்தைப் பருவத்திலேயே நோயுற்றோரிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன.

சூழலின் பங்கு

1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த மேற்கு நெதர்லாந்தில் நாளொன்றுக்கான உணவுப் பங்கீடு 1,000 கலோரிக்கும் கீழே சென்றது. அப்பஞ்சத்தின் உச்சத்தில் கருவில் உருவானவர்களிடையே, பிற்காலத்தில் மனச்சிதைவு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. 1959-61 சீனப் பஞ்சத்தை அன்ஹுவே மாநிலத்தில் ஆராய்ந்தோரும் இதையே கண்டனர். கருவுற்ற காலத் தொற்றுகளும், பிறப்பின்போது குழந்தைக்கு நேரும் பிராணவாயுக் குறைவும் இடரைக் கூட்டுகின்றன. இச்சான்றுகள் பெரும்பாலும் வளர்ந்தபின் நோயுற்றோரைப் பற்றியவை. ஆயினும் இரண்டும் ஒரே நோயின் இரு வடிவங்கள் என்பதே பொதுக் கருத்து.

செய்யத்தக்கவை

மரபை மாற்ற இயலாது. கருவுற்ற தாயின் தட்டில் உள்ளதை மாற்ற இயலும். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளும், மருத்துவமனைப் பேறுகாலத்தை ஊக்குவிக்க 2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா யோஜனாவும் மனநோயைக் கருதி வகுக்கப்பட்டவையல்ல. எனினும், பசியையும் பேறுகால இடரையும் குறைக்கும் ஒவ்வொரு செலவும் பிறக்கவிருக்கும் குழந்தையின் மூளைக்கும் காப்பாகும்.

நோய் தோன்றியபின், காலந்தாழ்த்தாத சிகிச்சையே பயன் தரும். 1982இல் உருவான தேசிய மனநலத் திட்டத்தின் வழியே மாவட்ட அளவில் மனநலச் சேவை அமைந்துள்ளது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஆகவே, அங்கன்வாடிப் பணியாளரும் ஆசிரியரும் இத்தகைய குழந்தையைக் காணும்போது, தாய் என்ன தவறு செய்தாள் என வினவுதல் வேண்டா. குழந்தையை மருத்துவரிடம் சேர்க்க அவளுக்கு என்ன துணை தேவை என வினவுதலே அவர்தம் கடமையாகும்.